மொத்தப் பணமும் மாதப் பணமும்

விருப்ப ஓய்வுத் திட்டம் (வி.ஆர்.எஸ்.) வந்த கதையைத் தொழிற்தகராறு சட்டத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அந்தச் சட்டப்படி அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. அது லேசில் கிடைக்கவில்லை. அனுப்ப முடியாதவர்களைத் தாமாகவே போகவைக்கும் வழியாகத்தான் 1980களில் விருப்ப ஓய்வு பரவியது. 1988 அக்டோபரில் மத்திய அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அதற்கான விதிகளை வகுத்தது. ஆகவே, சீக்கிரம் ஓய்வு பெறலாமா என்ற கேள்வி நம் ஊழியர்கள் பலருக்குத் தானாக எழவில்லை. நிர்வாகம் கேட்டது, பதிலுக்குக் கெடுவும் வைத்தது. அந்தக் கெடுவுக்குள் எல்லோர் கண்ணும் மொத்தமாகக் கைக்கு வரும் பணத்தின் மேல் இருந்தது. ஆனால் போனவர் பிழைத்தாரா என்பதை அந்தப் பணம் தீர்மானிக்கவில்லை. இன்னும் எத்தனை வருட சர்வீஸ் பாக்கி, பென்ஷன் உண்டா இல்லையா என்ற இரண்டும்தான் தீர்மானித்தன.

2000 கடைசியிலும் 2001 தொடக்கத்திலும் பொதுத்துறை வங்கிகள் கொண்டுவந்த திட்டம் இதற்கு நல்ல சான்று. 15 வருட சர்வீஸ் முடித்தவர்களோ 40 வயதானவர்களோ விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது பாக்கி மாதங்களுக்கான சம்பளம், இதில் எது குறைவோ அது கருணைத்தொகை. கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். 30 வருடம் வேலை பார்த்து 3 வருடம் பாக்கி உள்ளவருக்கு 36 மாதச் சம்பளம், அதாவது உட்கார்ந்து வேலை செய்திருந்தால் வாங்கியிருக்கக்கூடியது கிட்டத்தட்ட முழுவதும். 15 வருடம் முடித்து 20 வருடம் பாக்கி உள்ளவருக்கோ 30 மாதச் சம்பளம்தான். பென்ஷன் இல்லாவிட்டால் அந்த 30 மாதப் பணத்தை வைத்து 240 மாதத்தை ஓட்டவேண்டும். போதாக்குறைக்கு வட்டியும் சரிந்தது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் 2000 ஜனவரியில் 11 சதவீதமாக இருந்த வட்டி, 2003 மார்ச்சில் 8 சதவீதமானது. ஒரு லட்ச ரூபாய்க்கு மாதம் 917 ரூபாய் வந்த இடத்தில் புதிதாகப் போடுபவருக்கு 667 ரூபாய். விண்ணப்பித்தபின் மனம் மாறியவர்கள் நீதிமன்றம் போனதில் வியப்பில்லை. திரும்பப் பெறக்கூடாது என்று திட்டத்திலேயே எழுதியிருந்தும், தேசியமயமான வங்கிகளில் நிர்வாகம் ஏற்பதற்கு முன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டது.

மூடப்போகும் ஆலையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்கலாம். நலிந்த ஆலைகளைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம்; சம்பளமே நின்றுபோகும் இடத்தில் பாக்கி வருடத்துக்கு என்ன மதிப்பு? ஆனால் வங்கிகள் மூடப்படவில்லை. காசை மட்டும் பார்க்கலாமா, உடம்பும் குடும்பமும் முக்கியமில்லையா என்பது இன்னொரு கேள்வி. முக்கியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மாதா மாதம் ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தவர்களால்தான் அந்த ஓய்வை ஓய்வாக அனுபவிக்க முடிந்தது.

அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமான பி.எஸ்.என்.எல். இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2019 நவம்பரில் 50 வயதை எட்டியவர்களுக்குத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது சம்பளமே தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தது. 78,500க்கும் மேற்பட்டோர் எழுதிக்கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று, நிறுவனத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். பயந்து ஓடினார்கள் என்று இதைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்கள். அரசு பென்ஷனுக்கு உரியவர்கள். 1988க்குப் பிறகு எத்தனையோ பொதுத்துறை ஆலைகளிலிருந்து பி.எப்., கிராஜுவிட்டி, கருணைத்தொகை என்று மொத்தப் பணத்தோடு மட்டும் வெளியேறிய தொழிலாளிகளுக்கு அந்தப் பிடிமானம் இருக்கவில்லை.