கொல்லைக் கோழிக்கு வந்த குருணை

1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அடுத்த ஆண்டே நம் குமாவோன் மலையூரான ராணிக்கேட்டில் அதே சாவு. இறகு தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாகும் இந்த வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கண்டதும் அதே மலைப்பகுதியில்தான். முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்கள் ஹேடோவும் இத்னானியும் வைரஸைக் கருமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, 1940-களில் தடுப்பூசியாக்கினார்கள். 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அந்த வைரஸின் வழித்தோன்றலைத்தான் குப்பியில் அடைத்துத் தருகிறது. மருந்து இருக்கிறது, நோயும் இருக்கிறது. ஏன்?

வளர்ப்பவரின் அலட்சியம் என்பது சுலபமான பதில். மாட்டை வாரிக்கொண்டு போன வெக்கை நோயை அதே வளர்ப்பவர்களை வைத்துத்தானே ஒழித்தோம்? 2011-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. வித்தியாசம் உயிரினத்தில் இருக்கிறது. மாடு பல ஆண்டு வாழும். ஒரு ஊசி அதை நெடுங்காலம் காக்கும். கோழியோ சில மாதங்களுக்கொரு முறை புதுக் குஞ்சு இறக்குகிறது. இறக்கையடியில் ஊசி போட, குஞ்சுக்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பிப்ரவரியில் நடக்கும் தடுப்பூசி முகாமுக்குப் பின் பொரித்த குஞ்சுக்கு அடுத்த முகாம்வரை காப்பில்லை. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்காவது மருந்து இருக்கும். ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் நாமக்கல் பண்ணைக்கு அது பொருந்தும். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர் மீதியை என்ன செய்வார்? அந்த நாலையும் கூடு திறக்குமுன் பிடித்தால்தான் உண்டு.

ஆகவே குறை மருந்தில் இல்லை, அதைக் கொண்டுசேர்க்கும் வழியில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்பிராட்புரோ இதைப் புரிந்துகொண்டு, வெப்பம் தாங்கும் வைரஸைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை 1980-களில் மலேசியாவில் சோதித்தார். நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் டி-58 வகை வைரஸைக் கோழி தின்னும் குருணை மருந்தாக்கியது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்தவும் வேண்டாம். ஊசியளவு எதிர்ப்பாற்றல் இதில் வராது, முந்திக்கொள்ளும் சேவலே அதிகம் தின்றுவிடும் என்பார்கள். நியாயம்தான், அதனால்தான் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒப்பிட வேண்டியது கச்சிதமாகப் போட்ட ஊசியோடு அல்ல. பெரும்பாலான கொல்லைகளில் குருணைக்கு மாற்று, எந்த மருந்தும் இல்லாமல் விடுவதுதான்.