கருங்குழாயின் பூர்விகம்

எஃகு ஆலைகளில் தொடர் வார்ப்பு நடக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் குழாய் தொங்கும். மேலே டண்டிஷ் என்னும் தொட்டி, கீழே நீரால் குளிரும் செம்பு அச்சு. ஏறத்தாழ 1550 டிகிரியில் உருகிய எஃகை, காற்றுப் படாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறக்குவது இந்த நாசில். இதன் பூர்விகம் உருக்காலை அல்ல, பொற்கொல்லர்கள் உலோகம் உருக்கும் மூசை.

பவேரியாவில், டான்யூப் கரையில் ஓபர்ன்ட்ஸெல் என்றோர் ஊர். களிமண்ணில் கிராஃபைட்டைப் பிசைந்து அங்கே செய்த மூசைகளை ஐரோப்பாவின் நாணயச் சாலைகள் விரும்பி வாங்கின. கிராஃபைட் கலந்தால் உருகிய உலோகம் எளிதில் ஒட்டாது. திடீர்ச் சூட்டிலும் மூசை வெடிக்காது. அமெரிக்காவில் ஜோசப் டிக்சன் 1827இல் இந்தத் தொழிலில் இறங்கினார். 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அவருடைய மூசை மோர்கன் சகோதரர்களின் கண்ணில் பட்டது. அவர்கள் வியாபாரிகள். முதலில் விற்கும் உரிமை, பிறகு செய்யும் உரிமை என்று வாங்கி, 1856இல் பேட்டர்சியில் சொந்த ஆலையே போட்டுவிட்டார்கள்.

அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த மூசை ஆலைகளுக்கு உயர்ந்த ரக கிராஃபைட் கப்பலேறியது இலங்கையிலிருந்து. குருநாகல், கேகாலைப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டிய கட்டிகளைக் கொழும்புக் கிடங்குகளில் பெண்கள் கையால் தரம் பிரித்தார்கள். பிறகு அவை பீப்பாய்களில் அடைபட்டுப் போயின.

இனி வார்ப்பின் கதை. மோர்கன்கள் ஆலை போட்ட அதே 1856இல் ஹென்றி பெசமர், நீரால் குளிரும் இரண்டு உருளைகளுக்கு நடுவே உருகிய எஃகை ஊற்றி நேராகவே தகடாக்கப் பார்த்தார். அன்று அது கைகூடவில்லை. 1933இல் ஜெர்மனியின் சீக்ஃபிரீட் யுங்ஹான்ஸ், அச்சை மேலும் கீழும் அசைத்தால் உலோகம் ஒட்டாது என்று காட்டினார். அவர் வார்த்தது பித்தளை. அந்த உரிமையைப் பெற்று எஃகு உலகமெங்கும் கொண்டுபோனவர் இர்விங் ராஸி என்ற அமெரிக்கர்.

எஃகுக்கு ஏற்ற குழாய் வேண்டியிருந்தபோது மூசைக்காரர்கள் தயாராக இருந்தார்கள். 1916இல் பென்சில்வேனியாவில் மூசைக் கம்பெனியாகத் தொடங்கிய வெசூவியஸ்தான் பின்னாளில் நாசிலுக்குப் பேர்போனது. களிமண்ணின் இடத்தை அலுமினா என்னும் அலுமினிய ஆக்சைடு பிடித்தது, கிராஃபைட் நிலைத்தது. குழாயை உருவாக்க, ரப்பர் உறையில் தூளை அடைத்து, திரவத்தால் எல்லாப் பக்கமும் ஒரேயடியாக அழுத்தும் உத்தி வேறு தொழிலிலிருந்து வந்தது: 1930களில் ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் செய்யப் பழகியது அது.

இனிதான் சிக்கல். கார் கதவுக்கான தகடு மடங்க வேண்டுமென்றால் எஃகிலுள்ள ஆக்சிஜனை அலுமினியம் போட்டு இழுக்க வேண்டும். அப்போது பிறக்கும் அலுமினாத் துகள் 2050 டிகிரிக்கு மேல்தான் உருகும். அது நாசிலின் உட்சுவரில் படிந்து, ஒன்றோடொன்று இறுகி ஒட்டும். வார்ப்பு முடிந்த நாசிலை அறுத்துப் பாருங்கள்: கறுப்புச் சுவர், உள்ளே வெளிர்சாம்பல் நிறப் பொருக்கு, அதற்குள் சிக்கி உறைந்த எஃகுத் துளிகள்.

குற்றவாளி எஃகு மட்டுமல்ல. சூட்டுவெடிப்பைத் தாங்க நாசிலில் சிலிக்காவும் சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் சிலிக்காவும் கிராஃபைட்டும் வினைபுரிந்து வாயுவாகிச் சுவர் வழியே கசியும். அதிலுள்ள ஆக்சிஜனை எஃகின் அலுமினியம் பிடித்துக்கொண்டு, அங்கேயே மேலும் அலுமினாவைப் படிய வைக்கும். பல நூற்றாண்டுகளாக மூசையைக் காத்த கிராஃபைட், இங்கே அடைப்புக்குத் துணைபோகிறது.

பரிகாரங்கள் பல வந்தன. ஆர்கான் வாயுவைச் செலுத்தினார்கள். அதன் குமிழி எஃகில் சிக்கினால் தகட்டில் கொப்புளம். கால்சியம் கலந்த கம்பியை எஃகுக்குள் விட்டார்கள். துகள் திரவமாகிப் போயிற்று, ஆனால் கந்தகம் அதிகமிருந்தால் கால்சியம் சல்ஃபைடு வந்து அடைத்தது. உட்சுவருக்கு மட்டும் கரியும் சிலிக்காவும் இல்லாத பூச்சு கொடுத்தும் பார்த்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1980களில் ஜப்பானியர் கைக்கொண்ட வழி. சுண்ணாம்பு அலுமினாவோடு சேர்ந்தால் உருகிவிடும். ஒட்ட வரும் துகள் எஃகோடு வழிந்து போகும். ஆனால் வெறும் சுண்ணாம்பு ஈரக்காற்றில் நீறிவிடும். அதனால் சிர்கோனியாவோடு பிணைத்து, கால்சியம் சிர்கோனேட்டாகச் சேர்த்தார்கள். துகளைத் தின்னத் தின்ன இந்தச் சுவரும் கரையும் என்பது இதன் விலை.

இன்று உலகின் எஃகில் 95 சதவீதத்துக்கு மேல் தொடர் வார்ப்பில்தான் உருவாகிறது. எல்லா வகை எஃகுக்கும் அடைக்காத நாசில் இன்னும் வரவில்லை.