வாங்கி வந்த பந்தயமும் வளர்த்தெடுத்த பந்தயமும்

இந்த முறை கார் பந்தய வரலாறு. "கம்பைநல்லூரில் உட்கார்ந்துகொண்டு ஃபார்முலா ஒன் பற்றி எழுத வந்துவிட்டாயா?" என்று வகுப்புத் தோழர்கள் கிண்டல் செய்வது காதில் விழுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் வேகமாகப் போகும் வண்டி தனியார் பஸ்தான், ஒப்புக்கொள்கிறேன் :-) ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உலகக் கார் பந்தயம் 2011-ல் இந்தியாவுக்கு வந்தது. மூன்றே வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. ஏன் போனது? ஒரு விளையாட்டு புதிய நாட்டில் வேர் பிடிக்க உண்மையில் என்ன வேண்டும்? பணமா, வேறு ஏதாவதா?

கொஞ்சம் பின்னால் போவோம். ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று இங்கிலாந்தில் உள்ள சில்வர்ஸ்டோனில் நடந்தது. அந்த வருடம் மொத்தம் ஏழு பந்தயங்கள். ஆறு ஐரோப்பாவில், ஒன்று அமெரிக்காவில். இதில் கவனிக்க வேண்டியது, சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்காகக் கட்டிய இடம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் பயன்படுத்திய ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த இடத்தில் கார் பைத்தியங்கள் வண்டியை ஓட்ட ஆரம்பித்தார்கள். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

பிறகு பந்தயம் மெல்ல மெல்ல வெளியே போனது. 1953-ல் அர்ஜென்டினா. அந்த நாட்டுக்காரரான ஃபான்ஜியோ அதற்கு முன்பே 1951-ல் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். 1976-ல் ஜப்பான். அங்கே ஹோண்டா கம்பெனி 1962-லேயே சுசுகா என்ற ஊரில் சொந்த டிராக் கட்டி, 1964-ல் சொந்தக் காரோடு ஃபார்முலா ஒன்னில் இறங்கியிருந்தது. இந்த இரண்டு நாடுகளிலும் ஓட்டுபவரோ காரோ முதலில் உருவானது. உலகப் பந்தயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1990-களின் கடைசியில் கதை மாறியது. சிகரெட் கம்பெனி விளம்பரங்கள்தான் அணிகளுக்குப் பெரிய வருமானம். ஐரோப்பாவில் அதற்குத் தடை நெருங்கியது. 2005-ல் அமலுக்கும் வந்தது. அப்போது ஃபார்முலா ஒன் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த பெர்னி எக்கிள்ஸ்டோன் புதுச் சந்தை தேடினார். 1999-ல் மலேசியா, 2004-ல் பஹ்ரைனும் சீனாவும், 2005-ல் துருக்கி, 2008-ல் சிங்கப்பூர், 2009-ல் அபுதாபி, 2010-ல் தென்கொரியா என்று வரிசையாகப் பந்தயம் கிளம்பியது. இவற்றில் பெரும்பாலான டிராக்குகளை வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர்.

இந்த வியாபாரத்தின் கணக்கு எளிமையானது. பந்தயம் நடத்த விரும்பும் நாடு அல்லது கம்பெனி டிராக்கைக் கட்ட வேண்டும். அதோடு ஒவ்வொரு வருடமும் பெரிய கட்டணம் கட்ட வேண்டும். டிவி உரிமைப் பணம் ஃபார்முலா ஒன்னுக்கே போய்விடும். நடத்துபவருக்கு முக்கியமாக மிஞ்சுவது டிக்கெட் பணம். திருவிழாவுக்குக் கடை போட இடம் கொடுத்தவன், கடைக்காரனுக்கே வாடகையும் கொடுப்பது மாதிரி!

இந்தக் கணக்கோடுதான் இந்தியாவும் உள்ளே போனது. டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஜேபீ குழுமம் 5.125 கிலோமீட்டர் நீளத்துக்கு புத் சர்வதேசப் பந்தயத் தடத்தைக் கட்டியது. அதையும் வடிவமைத்தவர் டில்கேதான். 2011 அக்டோபர் 30 அன்று முதல் பந்தயம். அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த முதல் பயிற்சியிலேயே ஒரு தெருநாய் டிராக்குக்குள் ஓடி வந்து காரெல்லாம் நின்றது தனிக் கதை. பந்தயம் நன்றாகவே நடந்தது. ஓட்டுநர்களுக்கும் டிராக் பிடித்திருந்தது. 2011, 2012, 2013 மூன்று வருடமும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். 2013-ல் நாலாவது உலகப் பட்டத்தையும் இங்கேயே உறுதி செய்தார்.

பிறகு என்ன ஆச்சு? வரி. இது விளையாட்டா, கேளிக்கையா என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது. கேளிக்கை என்றால் டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி. வெளிநாட்டிலிருந்து வரும் கார், இன்ஜின், டயருக்குச் சுங்கத் தொல்லை. கேளிக்கை வரி விவகாரம் 2011-லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014-ல் பந்தயம் நடக்கவில்லை. அதன் பிறகும் திரும்பவில்லை. பந்தயம் போன பிறகும் வழக்கு நின்றுவிடவில்லை. ஃபார்முலா ஒன் கம்பெனி இங்கே சம்பாதித்த பணத்துக்கு இந்தியாவில் வருமான வரி கட்ட வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவும் 2013-க்குப் பிறகு பட்டியலில் இல்லை. மலேசியா 2017-ல் போதும் என்று நிறுத்திக்கொண்டது. வியட்நாம் ஹனோயில் டிராக்கே தயார் செய்தது. 2020-ல் கொரோனா வந்து, ஒரு பந்தயம்கூட நடக்காமல் திட்டம் முடிந்துபோனது. காசு கொடுத்து வாங்கி வந்தது காசு நின்றதும் போய்விடுகிறது.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரம். அங்கேயும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அதாவது சில்வர்ஸ்டோனும் சோழவரமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. அந்த ஓடுதளத்தில் பல வருடங்கள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று ரோட்டில் ஓடும் வண்டிகளையே பிரித்து மேய்ந்து பந்தய வண்டி ஆக்கினார்கள். மகாராஜாக்கள், தொழிலதிபர்கள் ஓட்டினார்கள். பின்னாளில் ஃபோர்ஸ் இந்தியா அணியை நடத்திய விஜய் மல்லையாவும் இங்கே ஓட்டியவர்தான்.

அடுத்து கிளப் சொந்தமாக இடம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் கட்டியது. அது 1990-ல் திறந்தது. ஹுண்டாய் தொழிற்சாலை அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பந்தய டிராக் வந்துவிட்டது. அதே காலத்தில் கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி இன்ஜினை வைத்து செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே தயாரித்தார். பெயர் ஃபார்முலா மாருதி. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இந்த ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்த கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னின் முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிவிட, மீதி ஆறு காரில் நாலாவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். 2010-ல் வந்த இரண்டாவது இந்தியர் கருண் சந்தோக் சென்னைக்காரர். அவருடைய தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். மூன்று தலைமுறைக் கதை!

ஆக, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இரண்டு இந்தியர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள். நொய்டா டிராக் வருவதற்கு முன்பே இருவரும் அங்கே போய்விட்டார்கள். அவர்களை உருவாக்கியது கோடிக்கணக்கில் கட்டிய கட்டணம் இல்லை. ஒரு பழைய ஓடுதளம், ஒரு கிளப், ஒரு பட்டறை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சோழவரத்தில் ஓட்டியவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள்தான். நரேனின் அப்பாவும் ராலி ஓட்டியவர். கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. கொஞ்சம் திறந்திருப்பது பைக் பந்தயக் கதவு மட்டும்தான். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்கள் பலர் வேலைக்குப் போகும் ஓசூரில்தான் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1982 முதல் அந்தக் கம்பெனிக்குச் சொந்தப் பந்தய அணி உண்டு. 2024 டக்கார் ராலியில் ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டிய கேரளத்துக்காரர் ஹரித் நோவா தன் பிரிவில் முதலிடம் வாங்கினார்.

சமீப காலத்தில் பழைய ஆசை மறுபடி எட்டிப் பார்க்கிறது. 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ, செப்டம்பரில் நொய்டாவில் மோட்டோ ஜிபி. இரண்டும் அடுத்த வருடம் நடக்கவில்லை! சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம், மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. அரசுப் பணத்தை இதற்குச் செலவு செய்யலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது.

நியாயமான கேள்விதான். என் கட்சி இது: மக்கள் பணம் செலவாகத்தான் போகிறது என்றால், இரண்டு நாள் வேடிக்கைக்குப் போவதைவிட, ஐடிஐ படிக்கும் பையனும் பொண்ணும் பந்தய இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் பட்டறைக்கும், வாடகை குறைந்த கார்ட்டிங் தடத்துக்கும் போகட்டும். ஜப்பான் அப்படித்தான் செய்தது. சோழவரமும், வசதியானவர்களுக்காக மட்டும் என்றாலும், அதைத்தான் செய்தது. மூன்றாவது இந்திய ஃபார்முலா ஒன் ஓட்டுநருக்கு இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

உங்களில் யாராவது வீட்டில் சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்த அப்பா, மாமா, தாத்தா இருந்தால் கேட்டு வந்து இங்கே எழுதுங்களேன். அந்தக் கதைகளை எழுதி வைக்க ஆள் குறைவு.