ஒட்டன்சத்திரத்துச் சட்டசபைப் பிரதிநிதி

காய்கறிச் சந்தையாற் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரம், 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு பொதுத் தேர்தல்களிலும் ஸ்ரீமான் அர. சக்கரபாணியையே சட்டசபைக்கு அனுப்பியது. அவற்றுள் மும்முறை அவரது தி.மு.க. ஆளுங்கட்சியாயிற்று, மும்முறை எதிர்வரிசையில் அமர்ந்தது. 2006-இல் அரசாங்கக் கொறடாவாகவும், 2021-இல் உணவு மந்திரியாகவும் ஆனார்.

இடையே அவர் தொடுத்த வழக்கொன்று சிந்திக்கத்தக்கது. 2017 பிப்ரவரி 18-ந் தேதி, தங்கள் கட்சி மந்திரிசபைக்கு எதிராக வாக்களித்த 11 அ.தி.மு.க. அங்கத்தினரைத் தகுதிநீக்கம் செய்யவேண்டுமென்று நியாயஸ்தலம் சென்றார். 2018-இல் ஹைகோர்ட்டு தலையிட மறுத்தது. 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு சபாநாயகர் பொறுப்பிலேயே விட்டது. 2021-இல் சபையின் ஆயுள் முடியும்வரை அவர்களுள் ஒருவரும் நீக்கப்படவில்லை.

1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டமும் தாமதத்தால் பயனிழக்கும் என்பது இதனால் விளங்கும். ஆதலின், பிரதிநிதியின் நடத்தையை ஆராய்ந்தே வாக்களித்தல் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரின் கடமையாம்.