அபூ பக்ராவின் சாட்சியம்: தண்டனைக்குப் பின் மனிதனின் சொல்

தண்டனை அனுபவித்து முடித்த மனிதன் எப்போது மீண்டும் முழு மனிதனாகிறான்? உடலில் பட்ட கசையடி ஆறிவிடுகிறது. சிறைக்கதவும் ஒருநாள் திறக்கிறது. அவனுடைய சொல்லுக்கு மதிப்புத் திரும்புவது எப்போது என்பதே கடினமான வினா. இஸ்லாமியச் சட்டவியல் இவ்வினாவை ஒரு குறிப்பிட்ட மனிதரை முன்னிறுத்தி விவாதித்தது. அவர் பெயர் அபூ பக்ரா (ரலி). முதற் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது.

இவருடைய இயற்பெயர் நுஃபைஉ. தாயிஃப் நகரில் அடிமையாக இருந்தவர். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) முஸ்லிம்கள் அந்நகரை முற்றுகையிட்டபோது, கோட்டையை விட்டு வெளியேறி வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவிக்கப்பட்டது. நுஃபைஉ கிணற்றுக் கப்பியின் துணையோடு மதிலிலிருந்து இறங்கி வந்தார். கப்பிக்கு அரபியில் ‘பக்ரா’ என்று பெயர். அபூ பக்ரா என்ற பெயர் அவ்வாறு அமைந்தது. பின்னர் ஸகீஃப் குலத்தார் அவரைத் திருப்பித் தருமாறு வேண்டியபோது நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் பஸ்ராவில் குடியேறி, வணக்கசாலியாகவும் ஹதீஸ் அறிவிப்பாளராகவும் மதிக்கப்பெற்றார்.

ஹிஜ்ரி 17இல் பஸ்ராவின் ஆளுநராக இருந்தவர் முகீரா பின் ஷுஅபா (ரலி). அபூ பக்ராவும், அவருடைய சகோதரர் நாஃபிஉவும், தாய்வழிச் சகோதரர் ஸியாதும், ஷிப்லு பின் மஅபதும் ஆளுநர் மீது விபசாரக் குற்றம் சாட்டினர். எதிர்வீட்டுச் சாளரத்தைக் காற்றுத் திறந்தபோது கண்டதாக அவர்கள் கூறியதாய் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கலீஃபா உமர் (ரலி) உடனே ஆளுநரைப் பதவியிலிருந்து விலக்கி, அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைப் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். குற்றம் சாட்டியோரையும் சாட்டப்பட்டவரையும் மதீனாவுக்கு வரவழைத்தார்கள். மூவர் உறுதியாகச் சாட்சி சொன்னார்கள். நான்காமவரான ஸியாதோ, தகாத கோலத்தைக் கண்டதாகவும் சட்டம் கோரும் அந்த ஒன்றைக் காணவில்லை என்றும் கூறினார். சாட்சியம் நிறைவுறவில்லை, முகீரா குற்றமற்றவரானார். சாட்சி சொன்ன மூவர் மீதும் அவதூற்றுக்குரிய தண்டனை நிறைவேற்றப்பட்டது.

உண்மையில் நடந்தது என்ன என்று துருவுவது நம் வேலை அன்று. சஹாபாக்கள் இரு பக்கமும் நின்ற ஒரு விவகாரத்தில் நாவைக் காத்துக்கொள்வதே முன்னோர் மரபு. நம் கவனத்துக்குரியது கசையடிக்குப் பின் நிகழ்ந்தது. உமர் (ரலி) அம்மூவரிடமும், தவ்பாச் செய்பவரின் சாட்சியத்தை இனி ஏற்றுக்கொள்வதாகக் கூறினார்கள். இருவர் தம் கூற்றைத் திரும்பப் பெற்றனர். அபூ பக்ரா மறுத்துவிட்டார். தாம் கண்டதைச் சொன்னதாகவே அவர் நம்பினார். பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வார்? அவர் மீண்டும் அதே குற்றச்சாட்டைக் கூறியபோது உமர் மறுபடியும் தண்டிக்க எண்ணியதாகவும், ஒரே கூற்றுக்கு இருமுறை தண்டனை இல்லை என்ற கருத்தில் அலீ (ரலி) தடுத்ததாகவும் அறிவிப்புகள் உண்டு. பிற்காலத்தில் யாரேனும் தம்மைச் சாட்சியாக்க வந்தால், முஸ்லிம்கள் தம்மை ஃபாசிக் என்று தீர்ப்பளித்துவிட்டதால் வேறொருவரைத் தேடிக்கொள்ளுமாறு அபூ பக்ரா திருப்பி அனுப்புவாராம்.

இந்நிகழ்வுக்கு அடிப்படையான சட்டம் அந்நூர் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்களில் உள்ளது. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு அவ்வசனங்கள் மூன்றை விதிக்கின்றன: 80 கசையடி; அவர்களுடைய சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காமை; ஃபாசிக்குகள் என்ற பெயர். அதன்பின் ஒரு விதிவிலக்கு வருகிறது: தவ்பாச் செய்து தம்மைச் சீர்திருத்திக்கொண்டவர்கள் நீங்கலாக. இந்த ‘நீங்கலாக’ மூன்றில் எதைத் தொடுகிறது? ஓர் இலக்கண வினாவைப் போல் தோன்றும் இதில்தான் தண்டனை பெற்ற மனிதனின் எஞ்சிய வாழ்நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹனஃபி அறிஞர்கள், விதிவிலக்கு இறுதியாக வந்த ஃபாசிக் என்ற பெயரை மட்டுமே நீக்கும் என்றனர். தவ்பாச் செய்தவன் இறைவனிடம் தூயவனாகிவிடுகிறான். ஆனால் நீதிமன்றத்தில் அவன் வாய் திறக்க இயலாது. சாட்சியத்தை மறுப்பது தண்டனையின் ஒரு பகுதி. கசையடியைத் தவ்பா எப்படி அழிக்காதோ அப்படியே இதையும் அழிக்காது. ‘ஒருபோதும்’ என்ற சொல்லும் அவர்கள் பக்கம் நிற்கிறது. பிறருடைய மானத்தை நாவினால் குலைத்தவனை, அவனுடைய நாவின் மதிப்பைப் பறித்தே தண்டிப்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. இதை வெறும் கடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. பழிச்சொல்லால் வாழ்விழந்த பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இதன் நியாயம் விளங்கும்.

ஷாஃபிஈ இமாம் (இறப்பு ஹிஜ்ரி 204) இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். விதிவிலக்கு முன்சொன்ன அனைத்துக்கும் உரியது. கசையடி, பழிக்கு ஆளானவரின் உரிமையாதலால் அதுமட்டும் நீங்காது. சாட்சியத் தடையும் ஃபாசிக் என்ற பெயரும் ஒருசேர நீங்கும். இதற்கு உமர் (ரலி) அவர்களின் செயலே சான்று. ‘அல்உம்மு’ நூலில் அவர்கள் எடுத்துவைக்கும் வாதம் கூர்மையானது. ஹனஃபி நெறிப்படி, அவதூறு செய்தவனின் சாட்சியம் வீழ்வது கசையடி பட்ட பிறகே. தண்டனையோ பாவத்தைக் கழுவும் பரிகாரம். அப்படியானால் அடிபடுவதற்கு முன் அவன் மோசமான நிலையில் இருந்தபோது அவன் சொல்லை ஏற்றுக்கொண்டு, அடிபட்டுத் தூய்மை அடைந்த பின் மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்தில் ஒன்றை நிதானமாகக் கவனிக்க வேண்டும். ஹனஃபி அறிஞர்களின் நிரந்தரத் தடை அவதூறு என்ற ஒரே குற்றத்துக்குத்தான். திருடியவன், மது அருந்தியவன், விபசாரம் செய்தவன் ஆகியோர் தண்டனைக்குப் பின் திருந்திவிட்டால் அவர்களுடைய சாட்சியத்தை அவர்களும் ஏற்றனர். மிகக் கடுமையான தரப்பும்கூட ஒரு வாசலை மட்டுமே அடைத்தது. ஏனைய வாசல்கள் இரு தரப்பிலும் திறந்தே இருந்தன. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபையும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபையும் பெரும்பாலும் பின்பற்றிவரும் தமிழ் முஸ்லிம்கள், இருபெரும் நெறிகளுக்கும் ஒருங்கே வாரிசுகள். எனினும் ‘உள்ளே போய் வந்தவன்’ என்று ஒருவனை வாழ்நாள் முழுதும் ஒதுக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு இவ்விரு மத்ஹபுகளில் எதிலும் இடம் காண முடியவில்லை.

புகாரி இமாம் (இறப்பு ஹிஜ்ரி 256) தம் தொகுப்பின் சாட்சியங்கள் பற்றிய பகுதியில் இதற்கெனத் தனித் தலைப்பு அமைத்து, அவதூறு செய்தவனோடு திருடனையும் விபசாரியையும் சேர்த்தே பேசுகிறார்கள். உமரின் கூற்றை முதலில் வைத்து, தவ்பாவுக்குப் பின் சாட்சியத்தை ஏற்ற உமர் பின் அப்துல் அஸீஸ், ஸயீத் பின் ஜுபைர், முஜாஹித், ஸுஹ்ரீ முதலியோரின் பெயர்களை அடுக்குகிறார்கள். பின்னர் பெயர் சுட்டாமல் ‘மக்களில் சிலர்’ என்று ஹனஃபி அறிஞர்களை வினவுகிறார்கள்: அவதூற்றுக்காகத் தண்டனை பெற்றவனின் சாட்சியம் செல்லாது என்கிறீர்கள்; அப்படிப்பட்ட இருவரைச் சாட்சியாக வைத்து நடந்த திருமணம் செல்லும் என்கிறீர்கள்; ரமளான் பிறை கண்டதாக அவன் சொன்னால் ஏற்கிறீர்களே! பிறை பற்றிய செய்தி சாட்சியம் அன்று, மார்க்கச் செய்தி என்பது ‘ஹிதாயா’ ஆசிரியர் மர்கீனானீ (இறப்பு ஹிஜ்ரி 593) தரும் விளக்கம். பிறைக்காக ஆண்டுதோறும் பிணங்கும் நம் ஊர்களில், பிறை கண்டு சொன்னவனின் பழைய வழக்கைக் கிளறியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

அதே தலைப்பின் கீழ் இன்னொரு பெண் வருகிறாள். மக்கா வெற்றியின்போது திருடிக் கை வெட்டப்பட்ட பெண் அவள். அவளுடைய தவ்பா நன்றாக அமைந்தது, அவள் மணம் செய்துகொண்டாள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதன்பின் அவள் தம்மிடம் வருவாள், அவளுடைய தேவைகளை நபியிடம் எடுத்துச் சொல்வேன் என்கிறார்கள். வெட்டுண்ட கை எவரும் மறைக்க இயலாத குற்றப் பதிவு. அந்தக் கையோடு அவள் நபியின் இல்லத்துக்கு வந்துபோனாள்.

மறைக்கக்கூடிய கடந்த காலத்தைப் பற்றி ‘முவத்தா’வில் மாலிக் இமாம் பதிவுசெய்துள்ள செய்தி வேறு வகையானது. ஒருவருடைய சகோதரியைப் பெண் கேட்டு வந்தபோது, அவள் முன்னர் தவறியவள் என்பதை அவர் வந்தவரிடம் சொல்லிவிட்டார். செய்தி உமரை எட்டியது. அவரை அடித்தார்கள், அல்லது அடிக்கும் அளவுக்குப் போனார்கள். இதைச் சொல்ல உமக்கென்ன வேலை என்று கேட்டார்கள். பெண்ணைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் ‘விசாரிப்பது’ நம்மிடையே ஒரு கடமைபோல் நடக்கிறது. கேட்பவரின் உரிமைக்கும் திருந்தியவரின் உரிமைக்கும் இடையே எல்லை எங்கே என்பதில் அறிஞர்கள் நிறையப் பேசியுள்ளனர். உமரின் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.

திருந்தியதை எப்படி அறிவது? வாய்ச்சொல் மட்டும் போதாது என்று அறிஞர்கள் பலர் கருதினர். ஷாஃபிஈ அறிஞர்களில் பெரும்பாலோர் ஓராண்டு என்று வரையறுத்ததாக நவவீ இமாம் (இறப்பு ஹிஜ்ரி 676) ‘மின்ஹாஜ்’ நூலில் குறிக்கிறார்கள். நான்கு பருவங்களும் மனித இயல்பைத் தொட்டுச் செல்கின்றன. நான்கையும் கடந்து ஒருவன் நிலைத்தால் நம்பலாம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஹனஃபிகளில் சிலர் ஆறு மாதம் என்றனர், சிலர் ஓராண்டு என்றனர். காஜியின் மதிப்பீட்டுக்கு விடுவதே சரி என்பது அவர்களிடம் வலுப்பெற்ற கருத்து. தவ்பாவின் வாசகத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. பழி சுமத்தியவன் ‘நான் பொய் சொன்னேன்’ என்றே கூற வேண்டும் என்றார் அபூ ஸயீத் அல்இஸ்தக்ரீ. அவன் உண்மையே சொல்லியிருந்தால் இது அவனைப் பொய்யனாக்கிவிடுமே என்று அபூ இஸ்ஹாக் அல்மர்வஸீ ஏற்கவில்லை. பழி சுமத்தியது தவறு, வருந்துகிறேன், மீண்டும் செய்யமாட்டேன் என்ற அளவில் சொன்னால் போதும் என்ற கருத்தே மின்ஹாஜில் இடம்பெற்றது. அபூ பக்ரா நின்ற இடத்தை மனத்தில் கொண்டால், மனச்சான்றை விற்காமல் ஒருவன் திரும்பி வருவதற்கான வழி இது என்பது புலப்படும். அவர் காலத்தில் யாரும் அதை அவருக்கு எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை.

ஹிதாயா பிற்காலத்தில் இந்தியாவில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1791இல் சார்ல்ஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியாகி, கம்பெனி நீதிமன்றங்களில் பயன்பட்டது. குற்றத் தீர்ப்புப் பெற்றவன் சாட்சி சொல்லலாகாது என்ற தடை ஆங்கிலேயரின் சொந்தச் சட்டத்திலும் இருந்தது. அது ஹனஃபி தடையைவிட அகலமானது. இந்தியாவில் 1837ஆம் ஆண்டின் 19ஆம் சட்டமும், இங்கிலாந்தில் 1843ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தடையை நீக்கின.

சாட்சிக் கூண்டு திறந்தது, பதிவேடோ தடித்தது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து, குற்றமே செய்யாதவரையும் பிறப்பால் பதிவேட்டில் ஏற்றியது. அது முற்றாக நீங்க 1952 வரை ஆயிற்று. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய காஜி அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவருக்கும் பெரும்பங்கு உண்டு. ஒரு மனிதன் ஊர் மாறினாலும் பெயர் மாறினாலும் அவனுடைய கடந்த காலம் அவனைத் தேடிவரும் ஏற்பாடு அங்கே பிறந்தது.

அந்தப் பதிவேட்டுக்குக் கால எல்லை வகுக்கும் முயற்சிகள் பிந்தியே வந்தன. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட ஆண்டுகள் குற்றமின்றிக் கழிந்தால் பழைய தீர்ப்பைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஆயினும் இரண்டரை ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை முதலில் அதற்குள் அடங்கவில்லை; ‘ஒருபோதும்’ அங்கும் இருந்தது. பிந்திய திருத்தங்கள் அதைத் தளர்த்தின. இந்தியாவில் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், எச்சரித்தோ நன்னடத்தையின்பேரிலோ விடுவிக்கப்பட்டவர்களுக்குத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு நேராது என்கிறது. சிறாருக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுகளை அழிக்கவும் வழிசெய்கிறது. கொடுங்குற்றங்களில் 16 வயது கடந்தோர் சிலருக்கு விலக்கு உண்டு. சிறை சென்று மீண்ட வயதுவந்தோருக்கு, பிரிட்டனின் சட்டத்துக்கு இணையான பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. திருடியவனின் திருந்துதலை எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஓராண்டில் அளக்க முன்வந்த அறிஞர்கள் இதை எப்படி மதிப்பிடுவார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அபூ பக்ரா (ரலி) ஹிஜ்ரி 50களின் தொடக்கத்தில் பஸ்ராவில் காலமானார். அவருடைய சாட்சியத்தை ஏற்காத சமுதாயம் அவருடைய ஹதீஸ்களை ஒருபோதும் விலக்கவில்லை. அவர் பழி தூற்ற வந்தவர் அல்லர், சாட்சி சொல்ல வந்தவர். எண்ணிக்கை குறைந்ததே அவருக்கு நேர்ந்தது என்பது அறிஞர்கள் இதற்குத் தந்த விளக்கம். பெரும்பாவங்களிலும் பெரியவற்றை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறியதாக ஒரு ஹதீஸ் உண்டு. அபூ பக்ரா சொல்ல, அவருடைய மகன் அப்துர் ரஹ்மான் அதை அறிவித்தார். புகாரி இமாம் அதைச் சேர்த்திருப்பது சாட்சியங்கள் பற்றிய அதே பகுதியில், கசையடி பட்டவர்களுள் அவர் பெயரைக் குறித்த தலைப்பிலிருந்து சில பக்கங்கள் தள்ளி.