புதுமுக மாணவரும் பல்கலைக்கழகமும்: அமெரிக்க முதலாண்டுக் கருத்தரங்குகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

பல்கலைக்கழகங்களின் வரலாறு எழுதப்படும்போது வேந்தர்களும் கட்டடங்களும் பட்டமளிப்பு விழாக்களுமே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றன. புதிதாக அனுமதி பெற்று வந்த மாணவரின் முதற் சில வாரங்கள் அவ்வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரு பல்கலைக்கழகம் யாருக்கெனத் தோற்றுவிக்கப்பட்டது, யாரை அது வேற்றாளாகக் கருதுகிறது என்பன அவ்வாரங்களிலேதான் தெளிவாகப் புலப்படுகின்றன. விரிவுரையாளர் பேசும் மொழி, நூலகத்தின் ஒழுங்கு, வினா எழுப்பும் முறை ஆகியவற்றை வீட்டுச் சூழலிலேயே அறிந்து வந்தவர்க்கு அவை இயல்பானவை. அவ்வாறு அறியாதவர்க்கு அவை எழுதப்படாத ஒரு பாடத்திட்டமாகும். அதிற் சித்தியடையாதோர் ஏனைய பாடங்களிலும் பின்தங்குகின்றனர்.

இவ்வெழுதப்படாத பாடத்திட்டத்தை வெளிப்படையாகவே கற்பிக்க முனைந்தவை முதலாண்டுக் கருத்தரங்குகள். இவை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு கொண்டவை. மாணவர் பல்கலைக்கழகத்துக்கு இணங்க வேண்டுமா, அன்றிப் பல்கலைக்கழகம் மாணவருக்கேற்ப மாறவேண்டுமா என்ற வினா அவ்வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம். அவ்வினாவை மையமாகக் கொண்டே இக்கட்டுரை அமைகின்றது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்கக் கல்லூரிகள் சிறியவை. எல்லா மாணவரும் ஒரே பாடத்தைக் கற்றனர். ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் நன்கறிந்திருந்தனர். 1869 முதல் 1909 வரை ஹாவர்ட் பல்கலைக்கழகத் தலைவராக விளங்கிய சார்ல்ஸ் எலியட் விருப்பத்தேர்வுப் பாடமுறையை விரிவுபடுத்தினார். 1876இல் ஆரம்பமான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜேர்மானிய முன்மாதிரியைத் தழுவி ஆராய்ச்சியை முதன்மைப்படுத்தியது. இவற்றின் பயனாகப் பாடங்கள் பெருகின. பேராசிரியர் தமது ஆராய்ச்சியை நோக்கித் திரும்பினர். தெரிவுச் சுதந்திரம் பெற்ற மாணவருக்கு எதனைத் தெரிவது என்று கூறுவார் இல்லாத நிலை தோன்றியது. ஹாவர்ட் 1889இல் புதுமுக மாணவருக்கென ஆலோசகர் குழுவொன்றை அமைத்தமை இந்நிலையின் விளைவே எனலாம்.

1911இல் ஒரெகன் மாநிலத்திலுள்ள ரீட் கல்லூரி, கல்லூரி வாழ்க்கை பற்றிய ஒரு பாடத்தைப் பட்டத்துக்குக் கணிக்கப்படும் பாடமாகவே வகுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் இம்முயற்சிகள் இரு கிளைகளாகப் பிரிந்தமையைக் காண்கிறோம். ஒரு கிளை, படிக்கும் முறை, நேரத்தைப் பகுத்துக்கொள்ளல், நூலகப் பயன்பாடு, நன்னடத்தை என்பவற்றைக் கற்பித்தது. மற்றைய கிளை, மாணவர் வாழும் உலகினையே அவர்க்கு அறிமுகஞ்செய்ய முற்பட்டது. 1914இல் அமேர்ஸ்ட் கல்லூரியில் அலெக்சாண்டர் மெய்க்கிள்ஜோன் புதுமுக மாணவருக்குச் சமூக, பொருளாதார நிறுவனங்கள் பற்றிய பாடமொன்றைப் புகுத்தினார். 1919இல் கொலம்பியாக் கல்லூரி சமகால நாகரிகம் என்னும் பாடத்தைப் புதுமுக மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. இப்பாடம், முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவப் பயிற்சி பெற்ற மாணவருக்கு யுத்தத்தின் காரணங்களை விளக்குவதற்கென 1918இல் நடத்தப்பட்ட வகுப்பிலிருந்து வளர்ந்ததாகும். போருக்கு ஆள் திரட்டும் தேவையிற் பிறந்த ஒரு பாடம், சமாதான காலத்தில் நாகரிகத்தை ஆராயும் பாடமாக மாறியமை கவனத்துக்குரியது.

முதற் கிளையைச் சார்ந்த பாடங்களைப் பேராசிரியர் பலர் ஏளனத்துடன் நோக்கினர். இவை அறிவுத்துறைப் பாடங்களல்ல. இவற்றுக்குப் பட்டக் கணிப்பு வழங்குவது பல்கலைக்கழகத்தின் தரத்தைக் குறைக்கும் என்பது அவர்தம் வாதம். 1960களின் தொடக்கத்தில் அப்பாடங்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. ஹாவர்ட் 1959இல் ஆரம்பித்த புதுமுக மாணவர் கருத்தரங்குகள் வேறு வகையின. புலமை மிக்க பேராசிரியர் ஒருவரோடு சிறு குழுவொன்று ஒரு பொருளை ஆராயும் வாய்ப்பினை அவை அளித்தன. ஆனால், அவை ஏற்கனவே தெரிந்தெடுக்கப்பட்டோருக்குக் கிடைத்த வாய்ப்பேயன்றி வேறல்ல.

3

ஆதரவுப் பாடங்கள் மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் மாணவர் தொகை பன்மடங்காகப் பெருகியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்டோருள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியுடன் உயர்கல்வி நிறுவனங்களிற் பயின்றனர். 1959இல் ஏறத்தாழ 36 இலட்சமாக இருந்த உயர்கல்வி மாணவர் தொகை 1970இல் 85 இலட்சத்தையும் தாண்டியது. தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும், கறுப்பின மக்களிடையேயிருந்தும், பெற்றோர் எவரும் கல்லூரி வாசலை மிதித்திராத வீடுகளிலிருந்தும் மாணவர் வரத்தொடங்கினர். கதவு திறந்தது, ஆயின், உள்ளிருந்த வீடு பழைய வீடாகவே இருந்தது.

தென் கரோலினாப் பல்கலைக்கழகம் இம்முரண்பாட்டின் தக்க உதாரணமாகும். 1801இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தில், உள்நாட்டுப் போருக்குப் பிற்பட்ட புனரமைப்புக் காலத்தில், 1873 முதல் 1877 வரை கறுப்பின மாணவர் பயின்றனர். பின்னர் அது மூடப்பட்டு 1880இல் வெள்ளையருக்கு மட்டுமென மீளத் திறக்கப்பட்டது. கறுப்பின மாணவர் மூவர் மீண்டும் அனுமதி பெற 1963 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே மாநிலத்தில் ஓரஞ்பேர்க் நகரில், 1968 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கிளர்ந்தோர்மீது பொலிசார் சுட்டதில் மூன்று கறுப்பின இளைஞர் உயிரிழந்தனர்.

1970 ஏப்பிரல் இறுதியில் கம்போடியாவினுள் அமெரிக்கப் படைகள் புகுந்தன. மே 4ஆம் திகதி கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் சுட்டுக்கொல்லப்பட்டனர். நாடெங்கும் மூண்ட கொந்தளிப்பு தென் கரோலினாவையும் பற்றிக்கொண்டது. அம்மாதமே மாணவர் நிர்வாகக் கட்டடத்தை ஆக்கிரமித்தனர். தேசியக் காவற்படை வரவழைக்கப்பட்டது. வளாகத்திற் கண்ணீர்ப்புகை பரவியது.

அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் மின்பொறியியல் அறிஞரான தோமஸ் ஜோன்ஸ். மாணவர் பல்கலைக்கழகத்தை ஏன் இவ்வளவு வெறுக்கின்றனர் என்ற வினாவை அவர் எழுப்பினார். போர்ட் மன்றத்தின் நிதியுதவியுடன் 1972இல் ‘பல்கலைக்கழகம் 101’ என்ற பாடம் ஆரம்பமாயிற்று. சிறு குழுக்களாக அமைந்த அவ்வகுப்புகளில் நூலகப் பயன்பாடு, படிக்கும் முறை, பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்பன பேசப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறியும் வாய்ப்பு மீண்டும் தோன்றியது.

இத்திட்டத்தில் ஓர் அம்சம் தனியே குறிப்பிடத்தக்கது. இப்பாடத்தைக் கற்பிக்க விரும்புவோர் முதலில் தாமே ஒரு பயிற்சிப் பட்டறையிற் பங்குபற்ற வேண்டியிருந்தது. பேராசிரியர், நூலகர், நிர்வாகத்தினர் எனப் பலரும் அங்கு கூடிக் கற்பித்தல் பற்றிக் கலந்துரையாடினர். மாணவரை மாற்றுவதற்கு முன் ஆசிரியரை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இதன் அடிப்படையில் இருந்தது. வரலாற்று விரிவுரையாளராக அப்பட்டறைக்கு வந்த ஜோன் கார்டினர் 1974இல் இத்திட்டத்தின் பணிப்பாளரானார். 1982இல் இப்பொருள் பற்றிய தேசிய மாநாடும், 1986இல் தேசிய வள நிலையமும் அங்கு உருப்பெற அவர் வழிவகுத்தார்.

4

இத்திட்டம் கிளர்ச்சியைத் தணிக்கும் உபாயமா என்ற ஐயம் முற்போக்காளரிடையே எழுவது இயல்பு. பல்கலைக்கழகத்தை நேசிக்கக் கற்பித்தல் என்பதும், போரை எதிர்ப்போரை அமைதிப்படுத்தல் என்பதும் ஒன்றோடொன்று நெருங்கியவை. அவ்வையத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், அதனோடு மட்டும் நின்றுவிடுவதும் பொருந்தாது. 1973 முதலான ஆண்டுகளில் போல் ஃபிட்லர் அங்கு நடத்திய ஆய்வுகள், இப்பாடத்தைப் பயின்றோர் இரண்டாம் ஆண்டுக்கு மீண்டு வரும் வீதம் ஏனையோரிலும் உயர்ந்திருந்ததைக் காட்டின. கறுப்பின மாணவர் விடயத்தில் இப்பயன் குறிப்பிடத்தக்கதாக இருந்தது. கண்ணீர்ப்புகையிற் பிறந்த ஒரு பாடம், அதிகாரத்தின் நோக்கத்தையும் மீறி, வெளியேற்றப்படவிருந்தோரை உள்ளே நிறுத்தியது.

1979ஐ அடுத்து அமெரிக்காவிற் பதினெட்டு வயதினரின் தொகை குறையலாயிற்று. கட்டணத்தில் தங்கியிருந்த கல்லூரிகளுக்கு வெளியேறும் ஒவ்வொரு மாணவரும் இழந்த வருமானமாயினர். கருத்தரங்குகள் நாடெங்கும் பரவியமைக்கு மாணவர்மீது கொண்ட பரிவு மட்டுமே காரணமென்று கொள்வது வரலாற்று நோக்காகாது. தக்கவைத்தல் என்னும் சொல் அக்காலத்திற் செல்வாக்குப் பெற்றதற்கு இப்பொருளாதார அடித்தளமும் காரணமாகும்.

கோட்பாட்டுத் தளத்திலும் இம்மோதலைக் காணலாம். வின்சன்ட் டின்டோ 1975இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை பற்றிய எமில் டேர்க்கைமின் கோட்பாட்டைத் தழுவி, பல்கலைக்கழகச் சமூகத்தோடு ஒன்றிணையாத மாணவரே இடைவிலகுகின்றனர் என்று வாதித்தார். 1992இல் வில்லியம் டியேர்னி இதனை மறுத்தார். சிறுபான்மை மாணவர் தம் பண்பாட்டைக் கைவிட்டு ஆதிக்கப் பண்பாட்டுடன் கலப்பதையே இக்கோட்பாடு ஒன்றிணைதல் என அழைக்கின்றது என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம்.

இவ்விவாதத்துக்கு நடைமுறையிற் கிடைத்த ஒரு விடை பேர்க்லி வளாகத்தைச் சார்ந்தது. 1970களின் பிற்பகுதியில் நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பலர் தவறுவதேன் என யூரி டிரைஸ்மன் ஆராய்ந்தார். ஊக்கக்குறைவு, குடும்பச் சூழல் என்னும் வழக்கமான விளக்கங்கள் பொருந்தவில்லை. சீன அமெரிக்க மாணவர் கூடிப் படித்துத் தம் பிழைகளைத் தமக்குள்ளேயே திருத்திக்கொண்டனர். கறுப்பின மாணவரோ கடுமையாக, ஆனால் தனித்தே, உழைத்தனர். டிரைஸ்மன் தாழ்நிலைப் பரிகார வகுப்புகளை ஏற்படுத்தவில்லை. மாறாக, மேலும் கடினமான கணக்குகளைக் கூடித் தீர்க்கும் பட்டறைகளை ஏற்படுத்தினார். பெறுபேறுகள் வெகுவாக உயர்ந்தன. குறை மாணவரிடத்தன்று, கற்றல் ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது என்பது இதனாற் புலனாயிற்று.

5

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் புதுமுக மாணவர் நெடுங்காலம் சிறு தொப்பி அணிந்து மூத்தோருக்குப் பணியவேண்டியிருந்தது. நிறுவனம் வரவேற்காத இடத்தை மூத்த மாணவரின் சடங்கு நிரப்பியது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டளவில் கலைத்துறையிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாகியமை பல்கலைக்கழக வாசலைக் கிராமத்து மாணவருக்குத் திறந்துவிட்டது. அம்மாணவரை வரவேற்கும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது பகிடிவதையேயாகும். சமத்துவத்தை ஏற்படுத்துகிறோம் என்ற பெயரில் அச்சத்தையும் அடிபணிதலையும் கற்பித்த அதுவும், ஒரு கொடிய அர்த்தத்தில், முதலாண்டுப் பாடமே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. சட்டம் தண்டிக்கும், ஆனால் வெற்றிடத்தை நிரப்பாது.

வெற்றிடத்தை நிரப்புவது எவ்வாறு என்பதற்கு மேற்கூறிய வரலாறு சில தெளிவுகளைத் தருகின்றது. புதுமுக மாணவரைக் குறையுடையோராகக் கொண்ட முயற்சிகள் ஏளனத்துக்குள்ளாகி மறைந்தன. அவரை அறிவுழைப்பிற் பங்காளியாகக் கொண்டவை நிலைத்தன. ஆசிரியர் தம்மையும் மாணவராக்கிக்கொண்ட இடத்தில் வகுப்பறை மாறியது. அவ்வாறு செய்யாத இடத்தில் கருத்தரங்கு நேரசூசியில் இன்னுமொரு மணித்தியாலமாகவே எஞ்சியது. முதல் நாளில் வாசலில் தயங்கி நிற்கும் மாணவரிடம் பல்கலைக்கழகம் எவ்வாறு பேசுகிறது என்பதைப் பொறுத்தே, அது மக்களுடையதா அன்றோ என்பது தீர்மானிக்கப்படும்.