பிளஸ் டூ கிளாஸுக்கு வர்றது சாரா, டீச்சரா? சிவகாசியிலிருந்து ஓர் உலகக் கணக்கு!

உங்களுக்கு ஒண்ணாம் கிளாஸ் எடுத்தது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒரு டீச்சர்தான். பிளஸ் டூ பிசிக்ஸ்? பலருக்கு 'சார்'னுதான் பதில் வரும். இது உங்க ஸ்கூல் கதை மட்டுமல்ல.

உலகம் என்ன சொல்லுது?

யுனெஸ்கோ தரவுகளின்படி, மழலையர் பள்ளி ஆசிரியர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் பெண்கள். தொடக்கப் பள்ளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. உயர்நிலை, மேல்நிலையில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வகுப்பு ஏற ஏற எண்ணிக்கை இறங்குகிறது. ஜப்பானில்கூட மேல்நிலை ஆசிரியர்களில் பெண்கள் பாதிக்கும் கீழே!

இந்தியாவில் எல்லா வகுப்புகளையும் சேர்த்து, 2014-15-ல் 46.9 சதவிகிதமாக இருந்த பெண் ஆசிரியர்கள், 2024-25-ல் 54.2 சதவிகிதம்.

தமிழ்நாட்டுப் பாதை

11 வயதில் திருமணம், உடனே கணவரை இழப்பு. அதையும் மீறி 1911-ல் பட்டம் வாங்கியவர் சகோதரி சுப்புலட்சுமி. தன்னைப் போன்ற இளம் விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவிகித இடஒதுக்கீடு வந்தது 1989-ல். அதை 40 சதவிகிதமாக உயர்த்தும் அறிவிப்பு வந்தது 2021-ல்.

நம்ம பட்டாசு பூமியில்...

வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய சிறுமிகளின் ஊர் இது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2023 பிளஸ் டூ தேர்வில், 97.85 சதவிகிதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம் விருதுநகர் மாவட்டத்துக்கு!

இன்றும் சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பல அம்மாக்கள் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார்கள். ஒரு வெடி விபத்துச் செய்தி வந்தால், போன் எடுக்கும்வரை வீட்டில் இருப்பவர்களுக்கு உயிரே இருக்காது. அந்த வீட்டுப் பொண்ணுக்கு, கெமிஸ்ட்ரி நடத்தும் ஒரு டீச்சர் வெறும் டீச்சர் இல்லை. 'நானும் இப்படி ஆகலாம்' என்பதற்கான கண்ணெதிர் சாட்சி.

நீங்க டீச்சர் ஆகணுமா?

* 6-10 வகுப்பு: டிகிரி, பி.எட், டெட் தாள் 2 தேர்ச்சி, பிறகு டி.ஆர்.பி போட்டித் தேர்வு.
* பிளஸ் ஒன், பிளஸ் டூ: முதுகலைப் பட்டம், பி.எட், டி.ஆர்.பி தேர்வு.
* அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியா? கல்லூரிக் காலத்தில் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மறக்காம விண்ணப்பிச்சிடுங்க.

அடுத்த தலைமுறை 'பிளஸ் டூ பிசிக்ஸ் யாரு?'ன்னு கேட்டா, பதில் நீங்களா இருக்கலாமே!